கதவடி வெளிச்சம்

சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரைக் கழற்றிவிட்டு, கராஜ் கதவைக் கையால் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, இரண்டு பக்கமும் மரக்கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் சோதிலிங்கம் அந்தக் கதவின் அடிப்பக்கத்தை முதல்முதலாகப் பார்த்தார். கதவுக்கு அடிப்பக்கம் ஒன்று இருப்பதை யார் நினைக்கிறார்கள். மேலே போகும், காரை விடுவோம், கீழே வரும். வீடு வாங்கின நாளில் இருந்து அங்கே ஒரு கறுப்பு ரப்பர் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நிலத்தோடு படிந்து காற்றையும் தண்ணீரையும் மறிக்க வேண்டிய சாமான். ஸ்காபரோவின் வெயிலும் பனியும் தெருவுக்குப் போடுகிற உப்பும் தின்று, கருவாட்டுத் தோல் மாதிரி விறைத்துப் போயிருந்தது. நடுவில் ஒரு முழத்துக்கு ரப்பரே இல்லை. விரலால் தொட்டார், ஒரு துண்டு உடைந்து காலில் போட்டிருந்த சப்பாத்தில் விழுந்தது. நாளைக்குப் பின்னேரம் மனைவி தவமணியின் ஆட்டத் திவசப் படையல், அவள் போய் வருசம் ஒன்று. ஐயரை வைத்துச் செய்கிற சைவக் காரியம் போன கிழமையே கோயிலில் முடிந்துவிட்டது. நாளைக்கு வீட்டில், அவளுக்குப் பிடித்த மீனும் கணவாயும் சமைத்து, அவள் சமைத்த இதே கராஜுக்குள் வாழையிலையில் படைத்து, விளக்கேற்றிக் கதவைச் சாத்த வேண்டும். நாளைக்கு அந்த விளக்கு அணையக் கூடாது. அதற்குத்தான் இந்த ரப்பர். மகள் ஆரணி கேட்டபோது, குளிர் வருகிறது, கரண்ட் காசு கூடுகிறது என்று வேறு ஏதோ சொன்னார். குளிர் இந்த வீட்டுக்குள் வந்தது இன்று நேற்றல்ல. அவர் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற இரவு வேலையில் இருந்த காலம் முழுக்க, விடியப்புறம் காரைத் திருப்பும்போது இந்தக் கதவுக்குக் கீழே மஞ்சளாய் ஒரு கோடு கிடக்கும். தவம் எழும்பிவிட்டாள், உள்ளே அடுப்பு மூட்டிவிட்டாள் என்று அர்த்தம். அந்தக் கோட்டின் நடுவில் மட்டும் ஒரு இருட்டுத் துண்டு இருக்கும், பல் விழுந்த வாய் மாதிரி. அது என்னவென்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கண் எரிய, இடுப்பு நோக வருகிற மனுசனுக்குக் கோட்டைக் கண்டால் போதும். காரை நிறுத்திவிட்டு முன்கதவால் போய்ப் படுத்துவிடுவார்.

கராஜுக்குள் சமைப்பது இந்தத் தெருவில் பாதி வீட்டில் நடக்கிறதுதான். மீன் பொரிக்க, நண்டு காய்ச்ச, கறித்தூளுக்கு மிளகாயும் மல்லியும் வறுக்க. வீட்டுக்குள் வறுத்தால் மணம் யன்னல் சீலையில் ஏறி, கதிரையில் ஏறி, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையில் ஏறிவிடும். ஆனால் தவமணி கராஜுக்கு வந்தது அப்படி எல்லோரும் வந்த மாதிரி அல்ல என்பது அவருக்குத் தெரியும். அப்போது அவருக்கு வேலை புதிது. மேலதிகாரி ஒருவன் ஓய்வறையில் அவர் பக்கத்தில் வந்து நின்று, மூக்கைச் சுளித்து, உன் ஜாக்கெட்டில் என்ன மணக்கிறது என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அதை அவர் வீட்டில் வந்து பகிடியாகச் சொன்னார். பகிடியாகத்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை, சோற்றைக் குழைத்தபடி சொன்னார், தானும் சிரித்தார். அவள் சிரித்தாளா. அந்த இடம்தான் ஞாபகத்தில் வர மறுக்கிறது. அடுத்த சனிக்கிழமை இரட்டைக் கரண்ட் அடுப்பு ஒன்றும் பழைய மேசை ஒன்றும் கராஜுக்குள் வந்துவிட்டன. சின்ன யன்னலில் ஒரு காற்றாடி பூட்டினாள். பிறகு அவர் ஜாக்கெட் மணக்கவில்லை. பிறகு அவள் எல்லாக் குளிர்காலத்திலும் இரண்டு சோடி காலுறையும் அவருடைய பழைய வேலைக் கோட்டும் போட்டுக்கொண்டு, தாச்சிச் சட்டிக்கு முன்னால் நின்றாள். கோபம் இருந்ததா. இருந்தால் அதைச் சொல்லாமல் இத்தனை வருசம் ஒரு பொம்பிளை மீன் பொரிப்பாளா. பொரிப்பாள் என்றுதான் படுகிறது. இந்த ஒரு வருசமாக அவருடைய மனம் போய் முட்டுகிற இடங்களில் இது ஒன்று. மற்றது மல்லி.

பழைய ரப்பர் கதவின் அடியில் ஓடுகிற அலுமினியச் சட்டத்தின் இரண்டு தவாளிப்புப் பள்ளத்தில் செருகியிருந்தது. குறட்டால் நுனியைப் பிடித்து இழுத்தார். வர மறுத்தது. பிறகு ஒரு முழம் வந்தது, பிறகு அறுந்தது. சட்டத்துக்குள் ஒட்டிக் கிடந்ததைத் திருப்புளியால் நெம்பி எடுக்கும்போது, மடிப்புக்குள் இருந்து சின்னச் சின்னதாய் ஏதோ கொட்டி, சீமெந்தில் தெறித்தது. எலிப்புழுக்கை என்று நினைத்தார். குனிந்து பார்த்தார். மல்லி. கொத்தமல்லி. பாதி வறுபட்டு, பாதி பச்சையாய், உப்புப் படிந்து வெளிறிப் போய் ஒரு கை மல்லி. அன்றைக்கு இந்தக் கராஜ் முழுக்க மல்லிதான். அவர் மத்தியான நித்திரையில் இருந்து சத்தம் கேட்டு வந்தபோது தாச்சி கவிழ்ந்து கிடந்தது, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, தவமணி மேசைக்காலில் சாய்ந்து நித்திரை மாதிரி இருந்தாள், கையில் அகப்பை அப்படியே இருந்தது. மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஆசுப்பத்திரியில் சொன்னார்கள். அடுத்த நாள் இரவு எல்லாம் முடிந்தது. செய்தி இவ்வளவுதான், இதில் சேர்க்க ஒன்றுமில்லை, இதைக் கேட்கிறவர்களுக்கு அவர் இதே சொற்களில் இதே ஒழுங்கில் சொல்லிச் சொல்லி இப்போது அது பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ஏன் மல்லி. அலுமாரியில் போத்தல் போத்தலாய்த் தூள் இருந்தது. ஒக்டோபரில் வறுத்து, திரித்து, எல்லாருக்கும் கொடுத்து, வேலை முடிந்துவிட்டது என்று கையைத் தட்டினாள். நவம்பரில் இன்னொரு தரம் அடுப்பில் மல்லியைப் போட அவளுக்கு என்ன தேவை இருந்தது. அந்தத் தேவை இல்லாவிட்டால் அன்றைக்கு அவள் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு கண் அயர்ந்திருப்பாள், விழுந்தாலும் மெத்தையில் விழுந்திருப்பாள். மல்லியை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டார். ஏன் போட்டார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எறிய ஏலவில்லை.

புதிய ரப்பருக்கும் அதே மாதிரி இரண்டு விளிம்பு. கடைக்காரன் சொன்னபடி வாளியில் சவர்க்காரத் தண்ணீர் கரைத்துத் தவாளிப்புக்குள் தடவினார். ரப்பரைக் காலையில் இருந்து வீட்டுக்குள் சூட்டில் விரித்து வைத்திருந்ததால் அது இளகி, மடிகிறமாதிரி இருந்தது. இது இரண்டு பேரின் வேலை. ஒருவர் இந்தப் பக்கம் நின்று ஊட்ட வேண்டும், மற்றவர் அந்தப் பக்கம் நின்று இழுக்க வேண்டும். அவர் ஒரு சாண் ஊட்டினார், கதவுக்குக் கீழால் குனிந்து அந்தப் பக்கம் போய் ஒரு சாண் இழுத்தார், திரும்பி இந்தப் பக்கம் வந்தார். யன்னல் சீலைக் கம்பி போட்ட நாட்களில் அவள் ஏணிக்குக் கீழே நின்று கத்துவது காதில் கேட்டது. இழுக்கச் சொல்லேக்கை பொறுக்கிறியள், பொறுக்கச் சொல்லேக்கை இழுக்கிறியள், உங்களோட ஒரு வேலை செய்யலாமோ. கேட்டது என்றால் கேட்கவில்லைதான். ஆனால் அந்தப் பக்கத்தில் ரப்பர் நுனி அவர் ஊட்டினதைவிடக் கொஞ்சம் கூட வந்து தொங்கின மாதிரித் தெரிந்தது. குனிந்து பார்த்தார், தான் முதலே இழுத்து வைத்ததுதான். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். இந்த விசயங்களில் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்வதும் பிழை, இருக்கிறது என்று சொல்வதும் பிழை. எட்டுச் செலவுப் படையல் நாளில் விளக்கு அணைந்தபோது அவர் நம்பித்தான் நின்றார்.

போன வருசம், அவள் எரிந்து சாம்பலாகி, எட்டாம் நாள் படையல். எல்லாவற்றையும் நடத்தினது தவமணியின் தமக்கை பரிமளம் அக்கா. மீன் மச்சம் வீட்டுக்குள் வேண்டாம், அவள் புழங்கின இடத்திலேயே வைப்பம் என்று அக்காதான் கராஜைச் சொன்னா. காலையில் இருந்து பொம்பிளைகள் நிலத்தை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். கணவாய்க் கறி, சூடை மீன் பொரியல், முருங்கையிலை வறை, உளுந்து வடை, அவளுக்கு விருப்பமான பால் தேத்தண்ணீர். விளக்கேற்றி, எல்லாரும் வெளியே வந்து, கதவை இறக்கினார்கள். அது செத்தவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற நேரம், வீட்டுக்குள்ளும் ஆள் நிற்கக் கூடாது என்று அக்கா சொன்னதால், கோட்டுகளை இழுத்துப் போர்த்திக்கொண்டு எல்லாரும் டிரைவ்வேயில் நின்றார்கள். காற்று முகத்தில் அடித்தது. இருட்டிக்கொண்டு வந்தது. கதவுக்குக் கீழே கோடு தெரிந்தது. அவர் வேலையால் வந்து பார்க்கிற அதே மஞ்சள் கோடு. அன்றைக்கு அது இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரைக்கும் முழுசாகத் தெரிந்தது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோடு ஒருமுறை நடுங்கியது. பிறகு இல்லை. ஆரணி அவருடைய கோட்டுக் கையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு அக்கா சொன்னா, சாப்பிடாமல் போறாள், மனதில ஏதோ வைச்சுக்கொண்டு போறாள். அதைச் சொல்லும்போது அக்கா தன்னைப் பார்த்ததாகத்தான் அவருக்குப் பட்டது. கிழமைகள் கழித்துக் காருக்குள் இருக்கும்போது ஆரணி கேட்டாள், அப்பா, அம்மாக்கு என்ன கோவம். இந்த நாட்டிலேயே பிறந்து, இங்கேயே கணக்கியல் படித்து, கொம்பனியில் பெரிய வேலை செய்கிற பிள்ளை. அவர், கதவை வடிவாச் சாத்து பிள்ளை, காத்து வருது என்று சொன்னார். அவள் திரும்பக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் மோசம். இப்போது ஆட்டத் திவசம் என்றதும் அக்கா போனில் தெளிவாகச் சொல்லிவிட்டா. இந்தமுறையும் அணைஞ்சால், தம்பி, இனி அந்த வீட்டில வைக்கவேண்டாம், அவள் அங்க வர விரும்பேல்லை எண்டுதான் அர்த்தம், கோயில் மண்டபத்தில சைவமா ஒரு சோறு குடுப்பம். அக்கா சொன்னால் ஆரணி கேட்பாள். தன் அம்மா தன் அப்பாவோடு கோபித்துக்கொண்டு பசியோடு போனா என்பது பிறகு அந்தப் பிள்ளையின் தலையில் காலத்துக்கும் எழுதினதாகிவிடும்.

ரப்பர் பாதித்தூரம் போய்ச் சிக்கி நின்றது. சவர்க்காரத் தண்ணீரை இன்னும் கொஞ்சம் தடவினார். தெருவுக்கு அங்கால் இலை ஊதுகிற இயந்திரத்தின் இரைச்சல் நின்றது. எதிர்வீட்டு ரூபன், பாரவண்டி ஓட்டுகிறவன், அதைத் தோளில் கொழுவிக்கொண்டு வந்தான்.

“என்ன அண்ணை, கதவுக்குக் கோவணம் கட்டுறியளோ?”

“இவ்வளவு நாளும் அம்மணமா நிண்டது. உமக்கு இப்பதானே கண் தெரியுது.”

“தள்ளுங்கோ, நான் இழுக்கிறன். நீங்கள் அங்கால நிண்டு ஊட்டுங்கோ. உங்கட வேகத்துக்குப் போனால் பனி கொட்டிப்போடும்.”

“இழுக்கச் சொல்லேக்கை இழும். இப்ப பொறும்.”

“பொறுத்துக்கொண்டுதான் நிக்கிறன். நீங்கள் சும்மா கத்துறியள்.”

ரூபன் இழுத்தான். ரப்பர் சறுக்கிக்கொண்டு போய் மற்றக் கரையில் எட்டிப் பார்த்தது. இரண்டு பேர் என்றால் வேலை ஒன்றுமே இல்லை. நுனியில் கொஞ்சம் மிச்சம் விட்டுக் கத்தியால் வெட்டினார்கள். ரப்பர் நழுவாமல் இருக்கச் சட்டத்தின் வாயைக் குறட்டால் நசித்தார்கள். பக்க நிலைகளுக்கு அடிக்கிற ரப்பர்க் கீலம் இன்னும் இருந்தது. ரூபன் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள அவர் ஆணி அடித்தார்.

“தவமணி அக்கா தூள் வறுக்கிற நாளில நான் கார் யன்னலைப் பூட்டிக்கொண்டுதான் வாறனான்,” என்றான் ரூபன். “என்ர மூத்தவன் தும்மித் தும்மிப் பள்ளிக்கூட பஸ்ஸைத் தவறவிட்டவன். இப்ப அவனுக்குத் தூள் மணம் இல்லையெண்டால் கறி இறங்காது.”

“ஓம்.”

“ஆனா பாருங்கோ, அக்கா இந்த ரப்பர் ஒண்டும் வாங்கேல்லை. அந்தப் பழைய நீலச் சாரத் துணியோடயே காலத்தை ஓட்டிப்போட்டா.”

“எந்தச் சாரம்?”

“கதவுக்குக் கீழ அடைஞ்சு வைக்கிறது. நடுவில. உங்களுக்குத் தெரியாதோ. பாம்பு மாதிரி உருட்டித் தைச்சு வைச்சிருந்தவ. நுனி வெளியால நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்டால் நாங்கள் அக்கா உள்ளுக்கு நிக்கிறா எண்டு அறிவம். எங்க, எறிஞ்சுபோட்டியளோ?”

சோதிலிங்கம் வாயில் கவ்வியிருந்த ஆணியை எடுத்தார். எறிந்ததுதான் என்று சொன்னார். பிறகு ஆணியை அடித்தார். ரூபன் போகும்போது நாளைக்கு வாறன் அண்ணை, மனிசி வடை சுட்டுக்கொண்டு வருவா என்றான். நீலச் சாரம். நடுவில். கோட்டின் நடுவில் கிடந்த இருட்டுத் துண்டு. கராஜ் கழுவின அன்று காலையில் பரிமளம் அக்கா ஒரு கையுறையைப் போட்டுக்கொண்டு கதவடியில் இருந்து எதையோ இழுத்தெடுத்து அவரிடம் நீட்டினா. தம்பி, இந்த ஊத்தைத் துணியைக் கொண்டுபோய் எறிஞ்சுபோட்டு வாங்கோ, அவள் வாற நாளில அவளின்ர இடத்தில ஊத்தை கிடக்கக் கூடாது. அவர் இரண்டு விரலால் தூக்கினார். பாரமாக இருந்தது. உள்ளே மணல் போட்டு இரண்டு நுனியையும் தைத்திருந்தது. பிள்ளை சின்னனில் விளையாடின மணல்பெட்டியின் மணலாக இருக்க வேண்டும். புகையும் சேறும் உப்புமாய்க் கறுத்திருந்ததால் அது தன்னுடைய சாரம் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. இந்த நாட்டுக்கு வந்த வருசம் உடுத்த நீலக் கட்டம் போட்ட சாரம், இடுப்பில் கிழிந்ததும் காணாமல் போனது. குப்பைத் தொட்டியில் போட்டார், மூடினார், கையைக் கழுவினார். எத்தனையோ குளிர்காலம் அவள் காற்றை மறித்து வைத்திருந்த ஒரே சாமானை, அவள் வரப்போகிறாள் என்று சொல்லி, துப்புரவாக்குகிறோம் என்று சொல்லி, அக்கா இழுத்தெடுத்தா, அவர் எறிந்தார். பின்னேரம் காற்று வந்தது. வேறு யாரும் வரவேண்டியிருக்கவில்லை விளக்கை அணைக்க. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாரம் இறங்கின மாதிரித்தான் இருந்தது. கோபமில்லை. ஜாக்கெட் கதையும் இல்லை, அந்தச் சனிக்கிழமையும் இல்லை, வெறும் காற்று. ஒரு முழம் ரப்பர் இல்லாத இடத்தால் வந்த காற்று. இதற்குப் போய் ஒரு வருசம்.

ஆனால் பார்க்க வேண்டும். பார்க்காமல் சொல்லக் கூடாது. சாமி அறையில் இருந்து அதே சின்னப் பித்தளை விளக்கைக் கொண்டுவந்தார். எண்ணெய் விட்டு, திரி போட்டு, படையல் வைத்த அதே இடத்தில், கதவுக்கு நேரே நிலத்தில் வைத்துக் கொளுத்தினார். வெளியே வந்து முட்டுக்கட்டைகளை எடுத்துக் கதவை மெல்ல இறக்கினார். புதிய ரப்பர் நிலத்தில் பட்டு, நசிந்து, படிந்தது. சத்தமே இல்லை. முன்பு கதவு நிலத்தில் முட்டினால் தகரச் சத்தம் கேட்கும், அவள் உள்ளே இருந்து மெல்ல எண்டு கத்துவாள். காற்று நல்லாக அடித்துக்கொண்டிருந்தது, எதிர்வீட்டு மேப்பிள் மரத்தில் மிச்சமிருந்த இலைகள் அவருடைய காலடியில் வந்து சேர்ந்தன. நவம்பரின் வெளிச்சம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிற வெளிச்சம். அவர் போன வருசம் நின்ற இடத்தில் நின்றார். கோடு இல்லை. கதவுக்குக் கீழே ஒன்றுமே இல்லை, நிலமும் கதவும் ஒரே கறுப்பாய்ச் சேர்ந்திருந்தன. அவருக்கு ஒரு கணம் பயம் வந்தது, விளக்கு அணைந்துவிட்டது என்ற பயம். பிறகு விளங்கியது, வேலை நன்றாகச் செய்திருக்கிறார், காற்று போகாத இடத்தால் வெளிச்சமும் வராது. உள்ளே யாரும் இருக்கிறார்களா இல்லையா என்று இனி இந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. விடிய வேலையால் வருகிறவனுக்கும் தெரியாது. அவர் இப்போது வேலைக்குப் போவதில்லை, அதனால் பரவாயில்லை என்று நினைத்தார். விரல்கள் விறைக்கும்வரை நின்றார். பிறகு கதவின் பிடியில் கையை வைத்து, குழந்தையின் போர்வையைத் தூக்குகிற மாதிரி மெல்லத் தூக்கினார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புதுக்காற்றுக்கு ஒருமுறை வளைந்தது, நிமிர்ந்தது. உள்ளே போய்த் திரும்பவும் கதவை இறக்கிவிட்டுக் குந்தி இருந்து பார்த்தார். சுடர் அசையவே இல்லை. படத்தில் கீறின சுடர் மாதிரி நின்றது.

உடனே பரிமளம் அக்காவுக்குப் போன் எடுத்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றவில்லை.

“அக்கா, சோதி கதைக்கிறன்.”

“கணவாய் வாங்கியாச்சு தம்பி. சூடைதான் நல்லதாக் கிடைக்கேல்லை. ஐஸ் வைச்சதுதான் இருக்காம்.”

“அது கிடக்கட்டும் அக்கா. விளக்கு ஏன் அணைஞ்சது எண்டு கண்டுபிடிச்சிட்டன். காத்து அக்கா. கதவுக்குக் கீழ ரப்பர் இல்லை. தவம் அதில ஒரு துணி அடைஞ்சு வைச்சிருந்திருக்கிறாள். நான் அண்டைக்கு அதை ஊத்தையெண்டு எறிஞ்சுபோட்டன். அவ்வளவுதான். இப்ப புது ரப்பர் போட்டு, விளக்குக் கொளுத்திப் பாத்தன். அசையாமல் நிக்குது.”

அந்தப் பக்கத்தில் அக்கா சமைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு அது நின்றது.

“நீங்களோ எறிஞ்சனீங்கள்?”

“ஓம், நான்தான்.”

“நானெல்லோ எடுத்துத் தந்தனான்.”

“அதில என்ன அக்கா. ஆர் எடுத்தால் என்ன. கோவமொண்டும் இல்லை அவளுக்கு, அதைத்தான் சொல்ல எடுத்தனான்.”

“உங்களோட அவளுக்கு என்ன கோவம்,” என்றா அக்கா. “அவளுக்குக் கோவம் என்னோட. நான் அண்டைக்குச் சொன்னது என்னைப் பற்றி. அவள் விழுந்ததுக்கு முதல்நாள் போனில, நீ தந்த தூள் வறுபடேல்லை, மல்லி பச்சை மணக்குது, குளிருக்குள்ள நிண்டு அரைகுறையா வறுத்துத் தாறாய், என்ர மருமேள் முகத்தைச் சுளிக்கிறாள் எண்டு சொல்லிப்போட்டன். சரி அக்கா எண்டுபோட்டு வைச்சிட்டாள். பிறகு நான் எடுக்கேல்லை. எடுப்பம் எண்டு இருந்தனான்.”

சோதிலிங்கம் சட்டைப் பையைத் தொட்டார். மல்லி இருந்தது. பாதி வறுபட்டது, பாதி பச்சை. போத்தல் போத்தலாய்த் தூள் இருக்கும்போது ஏன் மல்லி என்ற கேள்வி, ஒரு வருசமாக முட்டி முட்டி நின்ற அந்தக் கேள்வி, கேட்காமலே எழுந்து போய்விட்டது. போன இடத்தில் ஒன்றும் லேசாகவில்லை. அகப்பையைப் பிடித்தபடி, இரண்டு சோடி காலுறையோடு, இந்தத் தரம் வடிவாக வறுக்க வேண்டும் என்று தாச்சிக்கு முன்னால் நின்றவள். இதைச் சொல்லலாம். சொன்னால் அக்காவுக்கு உடனே ஒன்று விளங்கும், தங்கை கோபிக்கவில்லை என்று. அடுத்த மூச்சில் மற்றதும் விளங்கும், அவளை அந்தக் குளிரில் திரும்ப அடுப்படிக்கு அனுப்பியது தன் போன்தான் என்று. அந்த மனுசிக்கு எழுபது வயது, சீனி வருத்தம், இருதய வருத்தம், கூடப் பிறந்தவள் தவம் ஒருத்திதான். சில செய்திகளைத் தலைப்போடு நிறுத்திவிட வேண்டும்.

“உங்களோடயும் கோவமில்லை அக்கா.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

“நீங்கள் ஆறுதலுக்குச் சொல்றியள்.”

“இல்லை. தெரிஞ்சுதான் சொல்றன்.”

அக்கா மூக்கை உறிஞ்சினா. இனி அக்காவுக்கும் பாரம் இறங்கும், நாளைக்கு விளக்கு நிற்கும், ஆரணி பார்ப்பாள், எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போது அக்கா மெல்லிய குரலில் கேட்டா.

“அப்ப அவள் வரவேயில்லையோ தம்பி?”

அவர் விளக்கைப் பார்த்தார். இதை அவர் நினைக்கவில்லை. ஒரு வருசம் இதையும் அதையும் நினைத்தவர் இதை நினைக்கவில்லை. கோபித்துக்கொண்டு போனவள் என்றால் வந்து போனவள். வாசல் வரைக்காவது வந்தவள்.

“தெரியாது அக்கா.”

“கோவத்தோட எண்டாலும் வந்தாள் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். என்னைப் பாத்துத்தான் போறாள் எண்டு.” அக்கா தண்ணீரைத் திறந்து, திரும்பப் பூட்டுகிற சத்தம் கேட்டது. “தம்பி, அந்தக் கதவை நாளைக்கு நல்லா இறுக்கிப் பூட்டாதேங்கோ. ஒரு விரல் இடம் விட்டு வையுங்கோ.”

“விளக்கு அணைஞ்சாலும் அணைஞ்சிடும் அக்கா.”

“அணைஞ்சால் அணையட்டும். அதுக்கென்ன. இனி நான் ஒண்டும் சொல்லேல்லை.”

போனை வைத்த பிறகும் அவர் குந்தின இடத்திலேயே இருந்தார். சுடர் நின்றது. அசையாத ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முழங்கால் நொந்தது. எழும்பினார். மூலையில் கூட்டி ஒதுக்கியிருந்த பழைய ரப்பரில் இரண்டு துண்டைப் பொறுக்கினார். கதவைக் கொஞ்சம் தூக்கி, இந்தக் கரையில் ஒன்றும் அந்தக் கரையில் ஒன்றுமாய் அடியில் வைத்து, அதன்மேல் இறக்கினார். ஒரு விரல் இடம். நாளைக்குத்தான் வைக்கச் சொன்னா, அவர் இப்போதே வைத்தார். பிறகு வீட்டுக்குள்ளால் சுற்றி, முன்கதவைத் திறந்து, டிரைவ்வேயில் இறங்கிப் போய், முந்தி காரைத் திருப்பிக்கொண்டு வருகிற இடத்தில் நின்று பார்த்தார். நன்றாக இருட்டியிருந்தது. கதவுக்குக் கீழே மஞ்சளாய்க் கோடு கிடந்தது, காற்றுக்கு லேசாக நடுங்கிக்கொண்டு. இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரைக்கும் முழுக் கோடு. நடுவில் இருட்டுத் துண்டு இல்லை.